தொட்டாலே பாயும் ஆக்ஸிலேட்டர்: செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்களுக்கு

பழைய கார் ஒன்றை வாங்கி வீட்டுக்கு ஓட்டிவந்த முதல் நாள். விற்றவரின் தெருமுனையில் இருந்த வேகத்தடையை ஏறி இறங்கியதும் ஆக்ஸிலேட்டரில் லேசாகக் காலை வைத்தேன். முன்னால் நின்ற ஷேர் ஆட்டோவின் முதுகில் ஏறப் பார்த்தது வண்டி. பதறிப்போய் பிரேக்கை மிதிக்க, பின் சீட்டில் அம்மாவின் மடியிலிருந்த அர்ச்சனைத் தட்டு சரிந்து, தேங்காய் மூடி ஒன்று உருண்டு என் காலடிக்கே வந்துவிட்டது. "இதுக்கு பஸ்லயே வந்திருக்கலாம்" என்றார் அம்மா.

மறுநாள் மெக்கானிக்கிடம், "பெடல் ரொம்ப சென்சிட்டிவா இருக்குண்ணே" என்றேன். பெடல் எவ்வளவு மிதிபட்டது என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பெடல் சென்சாரை அவர் மாற்றச் சொன்னார். மாற்றினேன். பர்ஸ் இளைத்தது, பாய்ச்சல் அப்படியே இருந்தது. பிறகு இரண்டு வாரம் நானே ஒவ்வொன்றாகத் தேடியதில் குற்றவாளிகள் மூன்று பேர் என்று தெரிந்தது: பழைய ஓனர் போட்டிருந்த தடி மேட், இன்ஜினுக்குள் போகும் காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியில் படிந்த கரி, பைக்கில் பழகிய என் அவசரம். சென்சார் நிரபராதி.

அதனால் கீழே உள்ள வரிசையைச் செலவை வைத்துப் போட்டிருக்கிறேன். காசே ஆகாதவை முதலில் வரும். ஸ்கேனரும் உதிரி பாகமும் கடைசியில்தான்.

தேடத் தொடங்கும் முன்: வண்டி தானாக ஓடினால்

பெடலில் சந்தேகம் இருக்கும் காரை ஓட்டப் போகிறீர்கள். எனவே இதை மனப்பாடம் செய்துவிட்டு மேலே படியுங்கள். காலை எடுத்தும் வேகம் குறையவில்லை என்றால், பிரேக்கை ஒரே அழுத்தாக, பலமாக மிதித்துப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. பெட்ரோல் காரில் பிரேக்குக்குத் துணைபோகும் வேக்குவம், அதாவது உறிஞ்சும் விசை, இன்ஜினிலிருந்துதான் வருகிறது. த்ராட்டில் முழுதாகத் திறந்து கிடக்கும்போது அது குறைந்துவிடும். இரண்டு மூன்று முறை மிதித்து விட்டால் இருப்பு தீர்ந்து பெடல் கல்லாகிவிடும்.

அதே நேரத்தில் கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் லீவரை 'என்' நிலைக்குக் கொண்டுபோங்கள். இன்ஜின் கத்தும், கத்தட்டும். ஓரம் கட்டி நின்ற பிறகுதான் சாவியை அணைக்க வேண்டும். ஓடும்போதே அணைத்துச் சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம். பவர் ஸ்டியரிங் உதவியும் போய்விடும்.

இதைக் காலி மைதானத்தில் மெதுவான வேகத்தில் நான்கைந்து முறை செய்து பாருங்கள். தெரிந்து வைத்திருப்பதற்கும் கை தானாகப் போவதற்கும் வித்தியாசம் உண்டு.

படி 1: எந்த மாதிரி 'சென்சிட்டிவ்' என்று பிரித்துப் பாருங்கள்

ஒர்க்‌ஷாப்பில் நாம் சொல்லும் "சென்சிட்டிவ்" என்ற ஒரே வார்த்தைக்குள் நான்கு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. நான் ஏமாந்தது இங்கேதான்.

முதல் வகையில் பெடல் ஆரம்பத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும். கொஞ்சம் அழுத்தினால் நகராது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சட்டென்று விடுபட்டு வண்டி பாயும். இது பெரும்பாலும் அழுக்கு அல்லது கேபிள். இரண்டாவது வகையில் பெடல் மென்மையாகத்தான் நகர்கிறது, ஆனால் ஒரு அங்குலம் மிதித்தாலே மூன்று அங்குலம் மிதித்த வேகம் வருகிறது. இதற்கு டிரைவ் மோடு, யாரோ செருகிவைத்த கருவி, உட்காரும் நிலை ஆகியவற்றைச் சந்தேகப்படலாம். அல்லது அந்தக் காரின் சுபாவமே அதுவாக இருக்கலாம்.

மூன்றாவது, வேகம் எடுக்கும்போதும் காலை எடுக்கும்போதும் வண்டி குதிரை போல முன்னும் பின்னும் ஆடுவது. அதில் கிளட்ச், இன்ஜின் மவுண்டிங் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்), கியர் தேர்வு என்று பல கைகள் உண்டு. நான்காவது, காலே வைக்காமல் ரேஸ் (இன்ஜின் சுற்றும் வேகம்) ஏறி இறங்குவது. அது பெடல் விவகாரமே இல்லை.

ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து எப்போது வருகிறது என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? ஏசி போட்டால் மட்டுமா? முதல் கியரில் மட்டுமா? இந்த நாலு வரிக் குறிப்பு மெக்கானிக்குக் கொடுக்கும் முன்பணத்தைவிட மதிப்பானது.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இங்கேயே ஒரு தனிக் குறிப்பு. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று ஊரில் உள்ள பாதி கார்களில் உட்கார்ந்திருந்தது. 'இந்தியாவின் தேசிய இன்ஜின்' என்று கார் பிரியர்கள் கிண்டலாகச் சொல்வார்கள். 2020 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாட்டுக்கான பிஎஸ்6 விதி வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது. ஆனால் பழைய கார் சந்தையில் இன்றும் அந்த இன்ஜின் தாராளமாகக் கிடைக்கிறது. அதன் குணம் இது: சுமார் 2000 ஆர்பிஎம் வரை தூங்கும், அதன்பின் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் டர்போ விழித்து ஒரே தள்ளாகத் தள்ளும். தூங்குகிறதே என்று நாம் இன்னும் கொஞ்சம் மிதிப்போம். அந்தக் கூடுதல் மிதியும் டர்போவும் ஒன்றாக வந்து சேரும்போது பாய்கிறது. இதற்கு ரிப்பேர் கிடையாது. வேகத்தடையில் இரண்டாவது கியரிலேயே இழுக்காமல் முதல் கியருக்கு இறக்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

படி 2: காலடியைச் சுத்தம் செய்யுங்கள்

டிரைவர் பக்க மேட்டை எடுத்து வெளியே போடுங்கள். வெறும் தரையில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள். இதைச் செய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

நம் ஊரில் பழைய கார் விற்பவர்கள் உள்ளே பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்று 'செவன் டி' மேட் ஒட்டித் தருகிறார்கள். மெத்தை மாதிரி தடிமனாக இருக்கும். குதிகால் உயர்ந்துவிடும். உங்கள் காரின் ஆக்ஸிலேட்டர் மேலிருந்து தொங்கும் வகை என்றால், உயர்ந்த பாதம் பெடலின் அடிநுனிக்குப் பதில் மேல்பகுதியில் போய்ப் படும். கதவைக் கைப்பிடியில் தள்ளுவதற்கும் கீல் பக்கம் தள்ளுவதற்கும் உள்ள கணக்குதான் இங்கேயும். கீலுக்கு அருகில் கொஞ்சம் அசைந்தாலே பெடல் நிறையத் திரும்பிவிடும். கோளாறே இல்லாத பெடல் மேட்டால் மட்டுமே சென்சிட்டிவ் ஆவது இப்படித்தான்.

மேட் விஷயம் சிரித்துக் கடக்கக் கூடியதும் இல்லை. 2009-இல் அமெரிக்காவில் டொயோட்டா சுமார் 38 லட்சம் கார்களுக்குத் திரும்ப அழைப்பு விடுத்ததற்குக் காரணம், தரை மேட் ஆக்ஸிலேட்டரில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து. மேட்டின் மேல் மேட் போடாதீர்கள். காரில் மேட்டைப் பிடித்து வைக்கும் கொக்கி இருந்தால் அதில் மாட்டியே வையுங்கள். தண்ணீர் பாட்டில், குடை, செருப்பு எதுவும் டிரைவர் சீட்டுக்கு அடியில் வேண்டாம். தேங்காய் மூடி கதையை மேலே சொன்னேன்.

குனிந்திருக்கும்போதே பெடல் ரப்பர்களைப் பாருங்கள். மீட்டர் 30,000 கி.மீ. காட்டுகிறது, ஆனால் பிரேக், கிளட்ச் ரப்பர் இரண்டும் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது என்றால் மீட்டரில் யாரோ கைவைத்திருக்கலாம். நம் தலைப்புக்குச் சம்பந்தமில்லாத செய்திதான், ஆனாலும் வாங்கும் முன் பார்த்தால் காசு மிச்சம்.

படி 3: சீட், செருப்பு, குதிகால்

புதிதாக ஓட்டுபவர்கள் பானெட் நுனி தெரிய வேண்டும் என்று சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்டிப் போட்டுக்கொள்கிறார்கள். முழங்கால் மடங்கி, பாதம் அந்தரத்தில் தொங்கும். தொங்கும் காலால் மில்லிமீட்டர் கணக்கில் மிதிக்க முடியாது. கிளட்ச்சை முழுதாக மிதித்த பிறகும் இடது முழங்காலில் சிறு மடக்கு மிச்சமிருக்கும் தூரத்தில் சீட்டை வையுங்கள். உயரம் போதாவிட்டால் சீட்டை உயர்த்துங்கள், முன்னால் இழுக்காதீர்கள்.

வலது குதிகால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். பிரேக்குக்கு நேராகக் குதிகாலை வைத்து, பாதத்தை மட்டும் வலப்பக்கம் சாய்த்து ஆக்ஸிலேட்டரைத் தொடுங்கள். அசைவது கணுக்கால் மட்டும்தான். தொடை அசையக் கூடாது. ஷூவின் வலது ஓரத்தை நடுக் கன்சோலில் சாய்த்துக்கொண்டால் மேடு பள்ளத்தில் கால் குலுங்காது. "பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததால்" என்று வாரம் ஒரு செய்தியாவது கண்ணில் படுகிறது. குதிகால் பிரேக்குக்கு நேரே இருப்பவருக்குப் பதற்றத்தில் பாதம் தானாக நேரானால் கிடைப்பது பிரேக்.

ஹவாய் செருப்பில் ஓட்டாதீர்கள். அடி தடித்த ஸ்போர்ட்ஸ் ஷூவும் ஆகாது, பெடலின் அழுத்தமே காலுக்குத் தெரியாது. மெல்லிய அடியுள்ள ஷூ அல்லது பின்பட்டை உள்ள சாண்டல் போதும்.

படி 4: கால் பழக்கம்

இதற்கு மற்றவற்றைவிட அதிக நேரம் கொடுங்கள். நம்மில் பெரும்பாலோர் இரு சக்கர வாகனத்திலிருந்து காருக்கு வருகிறோம். பைக்கில் டிராஃபிக்கில் நிற்கும்போதே 'விர்ர் விர்ர்' என்று முறுக்கிக்கொண்டிருக்கும் கை, காரில் காலாக மாறிவிடுகிறது. கற்றுக்கொண்ட இடமும் ஒரு காரணம். டிரைவிங் ஸ்கூல் கார்கள் பல கால்கள் பட்டுத் தளர்ந்தவை. அதில் கால்வாசி பெடல் மிதித்தால்தான் நகரும். அந்தக் கணக்கோடு வேறு காரில் உட்கார்ந்தால் எதுவும் பாயத்தான் செய்யும்.

மோட்டார் வைத்த தையல் மெஷினில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். முதல் நாள் பெடலைத் தொட்டதும் துணி ஓடிவிடும், தையல் கோணலாகும். பத்து நாளில் ஒவ்வொரு தையலாக எண்ணி ஓட்டக் கால் பழகிவிடும். காரிலும் அதே பத்து நாள்தான்.

ஞாயிறு காலை காலியான மைதானமாகப் பார்த்துப் போங்கள். முதல் பயிற்சியில் ஆக்ஸிலேட்டரைத் தொடவே கூடாது. பெட்ரோல் காரோ டீசலோ, முதல் கியரில் கிளட்ச்சை மிக மெதுவாக விட்டால் இப்போதைய இன்ஜெக்‌ஷன் கார்கள் சமதளத்தில் தானாகவே நகரும். முழுதாகக் கிளட்ச் விட்டதும் நடையைவிடச் சற்று வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். நெரிசலில் பாதி நேரம் இந்த வேகமே போதும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. கிளட்ச் எந்த இடத்தில் 'பிடிக்கிறது' என்பதும் இதில் பழகிவிடும். பலரும் பெடல் மேல் போடும் பழி உண்மையில் கிளட்ச்சை 'டப்'பென்று விடுவதால் வருவது.

அது கைவந்த பிறகு இரண்டாவது கியரில் 20 கி.மீ. வேகத்தை ஒரு நிமிடம் கூட்டாமல் குறைக்காமல் பிடியுங்கள். முள் அசையக் கூடாது. பிறகு 25, பிறகு மீண்டும் 20. கஷ்டம் ஏற்றுவதில் இல்லை, இறக்குவதில்தான். காலைச் சட்டென்று எடுக்காமல், பெடல் மேலே தள்ளுவதற்கு இடம் கொடுப்பது போல மெதுவாக விடுங்கள். வண்டி ஆடுவது பாதி குறையும்.

ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கை விட்டாலே பல கார்கள் நகரும். நிறுத்தும் இடத்தில் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் பிரேக்கைத் தளர்த்தி இறுக்கியே உள்ளே விடுங்கள். இரண்டு பெடலுக்கும் வலது கால் ஒன்றுதான். இடது காலைப் பிரேக்கில் வைத்துப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். கிளட்ச் மிதித்துப் பழகிய கால் அது, பிரேக்கிலும் அதே பலத்தைக் காட்டும்.

நியூட்ரலில் நின்றபடி பெடலைத் தட்டிப் பார்த்து "ரேஸ் எகிறுது" என்று முடிவுக்கு வராதீர்கள். சுமையில்லாத எந்த இன்ஜினும் அப்படித்தான் எகிறும்.

படி 5: யாராவது எதையாவது செருகியிருக்கிறார்களா?

டேஷ்போர்டிலோ கியருக்குப் பக்கத்திலோ 'ஸ்போர்ட்', 'ஈகோ' பட்டன் இருக்கிறதா பாருங்கள். மின்னணு த்ராட்டில் உள்ள காரில் பெடல் நேரடியாக எதையும் இழுப்பதில்லை. உங்கள் கால் எவ்வளவு மிதித்தது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது, த்ராட்டிலை எவ்வளவு திறப்பது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. ஒரே மிதிக்கு ஸ்போர்ட்டில் அதிகமும் ஈகோவில் குறைவுமாகத் திறக்கும். ஈகோவில் ஒரு வாரம் ஓட்டினால் போதும், பலருக்குப் பிரச்சினை அதோடு முடிந்துவிடும்.

அடுத்து, டார்ச் அடித்து பெடலின் தலைப்பகுதியைப் பாருங்கள். பெடல் சென்சாரிலிருந்து ஒரு ஒயர் கொத்து மேலே போகும். நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியும் கூடுதல் கனெக்டரும் தெரிந்தால், பழைய ஓனர் பிக்கப்புக்காக 'த்ராட்டில் கன்ட்ரோலர்' மாட்டியிருக்கிறார். அது இன்ஜின் சக்தியைக் கூட்டுவதில்லை. கால் சொல்வதைப் பெரிதாக்கிக் கம்ப்யூட்டரிடம் சொல்கிறது, அவ்வளவுதான். சாவியை அணைத்துவிட்டு அதைக் கழற்றி, கம்பெனி கனெக்டரைப் பழையபடி செருகினால் கார் சாந்தமாகிவிடும். அந்தக் கருவிகளிலேயே மந்தமாக்கும் நிலையும் உண்டு, அதனால் தூக்கிப் போடும் முன் அதையும் முயன்று பார்க்கலாம்.

விற்றவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "ரீமேப் ஏதாவது செஞ்சீங்களா?" (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவதுதான் ரீமேப்.) விற்கும் முன் ஒளித்ததைப் பணம் கைமாறிய பிறகு பலர் பெருமையாகவே சொல்வார்கள்.

படி 6: பானெட்டைத் திறக்கும் நேரம்

இன்ஜின் அணைந்திருக்கும்போது பெடலைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். முதலிலிருந்து கடைசி வரை ஒரே சீராகப் போக வேண்டும், விட்டதும் துள்ளித் திரும்ப வேண்டும். திரும்பவில்லை, அல்லது இடையில் நின்று வருகிறது என்றால் வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

பழைய கார்களில் பெடலிலிருந்து த்ராட்டிலுக்கு ஒரு கேபிள் போகும். பானெட்டைத் திறந்து, யாரையாவது பெடலை மிதிக்கச் சொன்னால் அது இழுபடுவது தெரியும். கேபிளில் சில மில்லிமீட்டர் தளர்வு இருப்பது சரி. தளர்வு அதிகமானால் முதலில் ஒன்றும் நடக்காமல் பிறகு திடீரென்று பாயும். தளர்வே இல்லாவிட்டால் காலை எடுத்தாலும் ரேஸ் நிற்காது. கேபிள் நுனியில் இழை பிரிந்திருந்தால் எண்ணெய் விட்டு ஒப்பேற்ற வேண்டாம், புதிது போடுங்கள்.

பெட்ரோல் கார்களில் 'ஒட்டிப் பாயும்' வகைக்குப் பெரும்பாலும் த்ராட்டில் பாடிதான் காரணம். இன்ஜின் உள்ளிருந்து திரும்பிவரும் எண்ணெய் ஆவி, அதன் வட்டத் தகட்டின் விளிம்பில் வருஷக்கணக்கில் படிந்து பிசினாகிவிடும். தகடு மூடிய நிலையில் ஒட்டிக்கொள்ளும், நாம் அழுத்த அழுத்தப் பிய்த்துக்கொண்டு திறக்கும். சுத்தம் செய்யும் ஸ்பிரே சில நூறு ரூபாய்தான். ஆனால் மின்னணு த்ராட்டிலில் தகட்டை விரலாலோ ஸ்க்ரூடிரைவராலோ நெம்பக் கூடாது, உள்ளே இருக்கும் சின்ன கியர்கள் போய்விடும். த்ராட்டில் பாடிக்கென்றே விற்கும் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். அனுபவமில்லாவிட்டால் மெக்கானிக்கிடம் விடுங்கள், இதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சுத்தம் செய்த அன்று ஐடிலிங் (பெடலைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கினால் பயப்படாதீர்கள். அழுக்கோடு இருந்த தகட்டுக்குப் பழகிய கம்ப்யூட்டர், சுத்தமான தகட்டை மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும். சில மாடல்களில் தானாகவே சரியாகும், சிலவற்றில் ஸ்கேனர் போட்டுத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். இரண்டு நாளில் சரியாகாவிட்டால் காற்றுக் குழாய் எங்காவது கழன்றிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

டீசலில் இந்த வைத்தியம் பொருந்தாது. அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே தெளிக்கப்படும் டீசலின் அளவு.

காலை வைக்கும்போதும் எடுக்கும்போதும் 'டொக்' என்ற சத்தத்தோடு குலுங்கினால் இன்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து வருஷக் காரில் அது இறுகியோ கிழிந்தோ இருப்பது சகஜம்.

படி 7: சென்சாரை விசாரிப்பது

இவ்வளவுக்குப் பிறகும் பாய்ச்சல் இருந்தால்தான் சென்சார். காரின் கம்ப்யூட்டரைப் படித்து, புளூடூத்தில் போனோடு பேசும் ஓபிடி ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. இன்ஜினை ஓடவிடாமல் சாவியை 'ஆன்' நிலையில் மட்டும் வைத்து, ஸ்கேனர் ஆப்பில் பெடல் நிலையைக் காட்டும் வரைபடத்தைத் திறந்து, பெடலை மிக மெதுவாக மிதியுங்கள். கோடு சரிவுப் பாதை போல ஒரே சீராக ஏற வேண்டும். நடுவில் பல் விழுந்தது போலத் தாவினாலோ திடீரென்று பூஜ்யத்துக்கு இறங்கினாலோ சென்சார் தேய்ந்திருக்கிறது, அல்லது கனெக்டரில் பச்சை பிடித்திருக்கிறது. முதலில் கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள்.

பெடலுக்குள் இரண்டு சென்சார்கள் இருக்கும். ஒன்று பொய் சொன்னால் கண்டுபிடிக்கத்தான் இன்னொன்று. இரண்டின் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் பி2138 போன்ற பிழைக் குறியீடு கம்ப்யூட்டரில் பதிவாகும், இன்ஜின் விளக்கு எரியும், பல கார்களில் வேகம் தானாகவே மட்டுப்படும். உண்மையில் சென்சார் கெட்டால் வண்டி பாய்வதைவிட முடங்குவதுதான் அதிகம். விளக்கும் எரியாமல், பிழைக் குறியீடும் இல்லாமல், "சென்சார் மாத்தணும்" என்று யாராவது சொன்னால் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஒர்க்‌ஷாப்பில் பேசும் விதம்

"பெடல் சென்சிட்டிவ்" என்று சொல்லாதீர்கள். "காலையில் முதல் ஸ்டார்ட்டில், முதல் கியரில், ஆரம்பத்தில் ஒட்டுது, அப்புறம் பாயுது. ஏசி ஆஃப் பண்ணினாலும் அப்படியே" என்று சொல்லுங்கள். முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்கள் ஓட்டுங்கள், பிறகு அவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பாருங்கள். அவர் காலுக்குப் பாயாத வண்டி உங்கள் காலுக்குப் பாய்ந்தால், நான்காம் படிக்கே திரும்பிப் போகலாம்.

சிலர் பெடலுக்குக் கீழே ரப்பர் துண்டு ஒட்டியோ, கூடுதல் ஸ்பிரிங் கட்டியோ "டைட்" பண்ணித் தருவதாகச் சொல்வார்கள். வேண்டாம். லாரியை முந்தும்போது முழு பெடல் தேவைப்படும், ரப்பர் தடுக்கும். கட்டிய ஸ்பிரிங் அறுந்தால் எங்கே போய்ச் சிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

எதை மாற்றினாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்கி வாருங்கள். என் நிரபராதி சென்சார் இன்னும் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. புதிதாகப் போட்டது எப்போதாவது மக்கர் செய்தால், அதையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.